மருந்து கிணற்றுக்குப் போகும் வழி

அன்புள்ள ராமசாமி,

இங்கே எல்லோரும் நலம். மக்காச்சோளத்துக்கு அட்ரசின் களை மருந்து அடித்த பிறகு பெய்த மழையில் மருந்து கிணற்றில் இறங்கியிருக்குமோ என்றும், ஏக்கருக்கு எத்தனை மூட்டை கரித்தூள் போட்டால் தடுக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். மூட்டைக் கணக்குக்கு முன்னால், எந்த மருந்து எந்த வழியில் போகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அட்ரசின், பூச்சி மருந்தான இமிடாக்ளோபிரிட் இரண்டும் தண்ணீரோடு நகர்பவை. மணல் கலந்த உன் செம்மண்ணில் கரிமச்சத்தும் அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அவற்றைப் பிடித்துவைக்க அங்கே எதுவும் இல்லை. பூச்சி மருந்து குளோர்பைரிபாஸும் களை மருந்து பெண்டிமெத்தலினும் வேறு ரகம். மண்துகளோடு ஒட்டிக்கொண்டு, கலங்கல் தண்ணீரில் குளத்துக்குப் போகும். அதற்கு வரப்பை உயர்த்தி மண் அரிப்பை நிறுத்துவதுதான் முதல் வேலை, எரு பிறகுதான்.

கரி மருந்தைப் பிடித்துவைக்கும். மக்கிய எரு, மருந்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி. கரியை மட்டும் கொட்டினால் மருந்து அதிலேயே சிக்கிக்கொண்டு சிதையவும் நாளாகும். அதோடு, வயல் முழுக்கக் கரி போட்டால் களை மருந்தை அது உறிஞ்சிவிடும், களை சாகாது, அடுத்த தடவை அளவைக் கூட்டி அடிப்பாய். அதனால் வயலுக்குள் நன்றாக மக்கிய தொழுஉரம் மட்டும் போதும், ஏக்கருக்கு 5 டன். மக்காத கோழி எருவைப் போடாதே. அதிலிருந்து கரைந்து வரும் பொருள்கள் மருந்தையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கும்.

கரிக்கு இடம், தண்ணீர் வெளியேறும் தாழ்ந்த வரப்போரம். ஒரு மீட்டர் அகலத்துக்குப் பட்டை விட்டு, சதுர மீட்டருக்கு 1 கிலோ கரித்தூளும் 2 கிலோ எருவும் போட்டு அரையடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, மேலே வெட்டிவேர் நடு. 100 மீட்டர் வரப்புக்கு 100 கிலோ கரி ஆகும். சீமைக்கருவேல மூட்டத்தில் மிஞ்சும் தூளே போதும். கறுப்பாக இருக்க வேண்டும். வெளுத்த சாம்பலில் கரி கிடையாது, மண்ணின் காரத்தைத்தான் ஏற்றும். சாணிக் கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்துப் போடு, இல்லாவிட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். உன் தம்பியின் கரிசல் காட்டில் இதெல்லாம் பாதிகூடப் பலிக்காது. கோடையில் வெடித்த வெடிப்பு வழியாக முதல் மழை நேரே கீழே போய்விடும், மேல்மண்ணைத் தொடவே தொடாது.

எனக்கு உண்மையில் கவலை உன் கிணற்று மேடையைப் பற்றித்தான். அங்கேதான் மருந்து கலக்கிறீர்கள், அங்கேதான் டேங்க் கழுவுகிறீர்கள். கழுவும் தண்ணீரைப் பயிருக்கே அடித்துவிடு. மிச்சம் மீதிக்கும் சிந்தலுக்கும் ஒரு குழி வேண்டும். 1990-களில் ஸ்வீடனில் தொடங்கிய முறை இது. நம் ஊர்ப் பொருள்களை வைத்தே செய்யலாம்.

கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, மேடான இடத்தில் 6 அடிக்கு 4 அடி, இரண்டரை அடி ஆழம் வெட்டு. அடியில் அரையடி களிமண் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கு. மேலே நிரப்ப 48 கன அடிக் கலவை: பாதி நறுக்கிய வைக்கோல், கால் பங்கு மக்கிய தென்னை நார்க்கழிவு, கால் பங்கு வயலின் மேல்மண். வைக்கோலைக் குறைக்காதே. அதைத் தின்னும் வெண்பூஞ்சைகள் வெளியிடும் நொதிகள்தான் மருந்தையும் உடைக்கின்றன. கலவையை ஒரு மாதம் குவித்துவைத்து, பிறகு நிரப்பி மேலே புல் பதி. வேர்கள் ஈரத்தை உறிஞ்சி மேலே அனுப்பும்.

ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார். உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் காற்றில்லாமல் பூஞ்சை செத்துவிடும், மருந்தும் கீழே கசியும். ஐப்பசி மழைக்கு முன் கூரை போட்டுவிடு. போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு போன்ற தாமிரப் பூஞ்சை மருந்துகளைக் கழுவிய தண்ணீரை இதில் ஊற்றாதே. தாமிரம் சிதையாது, சேரச் சேரப் பூஞ்சையைக் கொல்லும். வருஷம் ஒருமுறை கலவை அமிழ்ந்த அளவுக்கு அதே விகிதத்தில் நிரப்பு. ஆறேழு வருஷம் கழித்து மாற்றும்போது, பழையதை ஒரு வருஷம் மூடிப்போட்டு மக்கவிட்ட பிறகே வயலுக்குக் கொண்டுபோ.

குழி வெட்டுமுன் இடத்தைப் படம் எடுத்து அனுப்பு. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

அன்புடன்,
செல்வம்