கசாப்புக்காரரிடம் பெயர் கேட்ட லூத்தர் ஐயருக்கு

அன்புள்ள மார்ட்டின் லூத்தர் ஐயருக்கு,

போதகரை ‘ஐயர்’ என்று கூப்பிடும் லுத்தரன் சபையில் வளர்ந்தவள் நான். அதே பழக்கத்தில் உங்களையும் அழைக்கிறேன். அக்டோபர் 31 வந்தால் எங்கள் பிரசங்கங்களில் நீங்கள் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மனியின் விட்டன்பர்க் கோயில் கதவு தவறாமல் வந்துவிடும். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்த உங்கள் 95 வாதங்களை 1517இல் அங்கே நிஜமாகவே ஆணி அடித்து மாட்டினீர்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும்.

என்னை உங்களிடம் இழுத்தது ஒரு கசாப்புக்காரர். பழைய ஏற்பாட்டுப் பலிகளை மொழிபெயர்க்கையில் ஆட்டின் உள்ளுறுப்புகளுக்கு ஜெர்மனில் பெயர் தெரியாமல், கிடாய் அறுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டீர்களாம். வார்ட்பர்க் கோட்டையில் தாடி வளர்த்து ஒளிந்திருந்தபோது சுமார் 11 வாரத்தில் புதிய ஏற்பாட்டை முடித்த நீங்கள், பழைய ஏற்பாட்டின் யோபு புத்தகத்திடம் வசமாக மாட்டிக்கொண்டீர்கள். உங்கள் சக அறிஞர்கள் மெலாங்க்தோன், அவுரோகல்லஸ், நீங்கள் என மூன்று பேர் உட்கார்ந்தும் சில சமயம் 4 நாளில் 3 வரி தேறவில்லை. மொழிபெயர்ப்பு பற்றி 1530இல் எழுதிய திறந்த மடலில் இதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். லத்தீன் எழுத்தைக் கேட்காதே. வீட்டில் தாயை, தெருவில் பிள்ளையை, சந்தையில் சாதாரண மனுஷனைக் கேள், அவர்கள் வாயைப் பார் என்று சொன்னதும் அதிலேதான். எதிராளிகளைக் கழுதைகள் என்று திட்டியதும் அதிலேதான்!

1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் முடிந்தது. கேள்வி பதிலாக நீங்கள் எழுதிய விசுவாசப் பாடநூலான ஞானோபதேசமும் அவர் வழியாகத் தமிழுக்கு வந்தது.

ஆனால் 1525இல் அதே சாதாரண மனுஷன் வாய் திறந்தான். ஜெர்மனியின் மெம்மிங்கன் நகரில் விவசாயிகள் 12 கோரிக்கைகள் எழுதினார்கள். எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது முதலாவது. பண்ணையடிமைகளாக எங்களை வைத்திருக்கக் கூடாது, கிறிஸ்து எல்லோரையும் மீட்டாரே என்றது மூன்றாவது. உங்களிடம் கற்ற பாடம்தானே, ஐயா? முதலில் பிரபுக்களையும் கண்டித்தீர்கள். கலகம் பரவியதும், வெறிநாயை அடிப்பதுபோல் அவர்களைக் கொல்லச் சொல்லி எழுதினீர்கள். பிராங்கன்ஹவுசன் சண்டையில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அடுத்த மாதம் உங்களுக்குக் கல்யாணம்.

யூதர்களிடம் அன்பாக நடந்துகொள்ளுங்கள் என்று 1523இல் எழுதிய கை, 1543இல் அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொன்னது. வயசு, நோய், அந்தக் காலம் அப்படி என்று எங்கள் ஆட்கள் சமாதானம் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நூரம்பர்க் விசாரணையில் யூத வெறுப்புப் பத்திரிகை நடத்திய நாஜி ஸ்ட்ரைகர் உங்கள் புத்தகத்தைத் துணைக்கு இழுத்தான் என்று படித்த பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

சபையில் முழு அங்கத்தினராகும் திடப்படுத்தல் சடங்குக்கு முன் ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்தோம். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ‘இதற்கு அர்த்தமென்ன?’ என்று ஒரு கேள்வி வரும். “கொலை செய்யாதிருப்பாயாக” என்பதற்கு அயலானுடைய சரீரத்துக்குத் தீங்கு செய்யாமல் அவனுக்கு உதவ வேண்டும் என்று பதில் எழுதி வைத்தது நீங்கள். 1543இல் எழுதியதை எதிரே வைத்துக்கொண்டு உங்கள் கேள்வியையே கேட்கிறேன்:

இதற்கு அர்த்தமென்ன, ஐயரே?

இப்படிக்கு,
ஞானோபதேசத்தை இன்னும் மறக்காத ஒருத்தி