பேசியதுதான் பிழையா?

ஐயா,

2002இல் இலங்கை அரசும் புலிகளும் செய்த போர்நிறுத்தம் புலிகள் பெலப்படத்தான் உதவியது, பேசப் போனதே பிழை என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. மூதூரில் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒப்பந்தத்துக்கு முன், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த சம்பூர்ப் பக்கத்துச் சனம் ரோச் பற்றரியோடு இராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்ட ஏலாது. அரிசிப் பைக்குள் ஒரு சோடி பற்றரியைப் புதைத்துக் கொண்டுபோன ஆச்சி ஒருவர் என் வாடிக்கையாளர். பெப்ரவரி 22இல் ஒப்பந்தம் வந்த பிறகு அதே பற்றரியைப் பகிரங்கமாக, பெட்டிக் கணக்கில் விற்றேன்.

பிறகு கெட்டது எதனால்? இராணுவம் சனத்தை எழுப்பிவிட்டுப் பிடித்து வைத்திருந்த யாழ்ப்பாணத்து உயர் பாதுகாப்பு வலயத்தை விடு என்றார்கள் புலிகள். முதலில் ஆயுதத்தைக் களை என்றது இராணுவம். 2003 ஜனவரியோடு இதைப் பேச இரு தரப்பும் அமைத்த உபகுழு படுத்துவிட்டது. இங்கே கிண்ணியாப் பக்கம் மணிராசகுளத்தில் புலிகள் முகாம் போட்டார்கள். அது அரச கட்டுப்பாட்டுப் பகுதி என்று, போர்நிறுத்தத்தைப் பார்க்க வந்த நோர்வே தலைமையிலான கண்காணிப்புக் குழு தீர்ப்புச் சொல்லியும் எடுக்கவில்லை. சம்பூரிலிருந்து திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பீரங்கி எட்டும் என்ற கடற்படையின் பயமும் பொய்யில்லை. திருகோணமலைக்கு மூதூர் லோஞ்சில் (பயணிகள் படகில்) போனவர்களுக்கு அந்தத் தூரம் தெரியும்.

2006இல் மாவிலாறு அணையைப் புலிகள் பூட்டச் சண்டை தொடங்கியது, செப்டெம்பரில் இராணுவம் சம்பூரைப் பிடித்தது. அந்த ஏப்ரலில் குண்டுவீச்சுக்குப் பயந்து சம்பூரை விட்டு ஓடிய சனம் காணிக்குத் திரும்ப 2015 ஆகிவிட்டது. போர் முடிந்து ஆறு வருசம்! அதற்கும் பேச்சுவார்த்தையா காரணம்?

கண்காணிப்புக் குழுவுக்குத் தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரம் ஏன் கொடுக்கவில்லை, இரு தரப்பிலும் அதை யார் விரும்பவில்லை என்று கட்டுரையாளர் அடுத்த முறை எழுதட்டும்.

முன்னாள் கடைக்காரர்,
திருகோணமலை