பகல் சாப்பாட்டு நேரம் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதத்திலிருந்து பகல் வேளையில் நம் புடவைக்கடைக்கு வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள், எட்டுப் பேர் நிற்கிற இடத்தில் நாலு பேர்தான் நிற்கிறார்கள். ஆட்களைக் குறைத்துவிட்டோம் என்று ஹட்டன் டவுனில் ஒரு கதையும் ஓடுகிறதாம். யாரையும் நிறுத்தவில்லை. மற்ற நாலு பேரும் மேல்மாடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் இந்த மாற்றம் என்று சொல்ல, போன தீபாவளிக்குப் போக வேண்டும். தோட்டங்களில் முற்பணம் கொடுத்திருந்த நேரம், கடையில் கால் வைக்க இடமில்லை. நோர்வூட் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி, விடிய ஐந்து மணிக்கு எழும்பி முதல் பஸ்ஸைப் பிடிப்பவள், சேலை ராக்கைக்குப் பின்னால் நின்றபடி பேப்பரில் சுற்றிய ரொட்டியைப் பிரித்தாள். கட்டசம்பலில் தொட்டு இரண்டு வாய் வைத்திருப்பாள். "தங்கச்சி, அந்த மஞ்சள் சேலையை இறக்குங்க" என்று ஒரு குரல். கையைப் பேப்பரில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். சேலை விரிந்தபோது கரையில் சிவப்பாக ஒரு பெருவிரல் அடையாளம். கேட்ட அம்மா ஒன்றும் பேசவில்லை. கறை உள்ளே போகும்படி சேலையை மடித்து வைத்துவிட்டு, "வேற நிறம் காட்டுங்க" என்றார். கல்லாவில் இருந்த எனக்கு முதலில் சேலையின் விலைதான் மனதில் வந்தது. அப்புறம்தான் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்றரை.

பிழை அந்தப் பிள்ளையுடையது இல்லை, கடையுடையது. இலங்கையில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கென்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், அதுதான் சாதாரண வேலை நேரம். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் விடுகிற நேரம் இந்தக் கணக்கில் சேராது. பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரையான நேரம் வேலைக்குள் வந்தால், சாப்பிட ஒரு மணித்தியாலம் விட வேண்டும். இது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கிற சலுகை இல்லை. எங்கள் தாத்தா காலத்துச் சட்டம், நாங்கள்தான் பண்டிகைக் காலத்தில் அதைத் தூக்கி மேல்தட்டில் வைத்துவிட்டோம்.

இப்போது முதல் நாலு பேர் 11.45க்குப் போய் 12.45க்கு வருவார்கள், அவர்கள் வந்ததும் மற்ற நாலு பேர் போவார்கள். தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் பந்தி. அவர்கள் காலையில் வெறும் சாயத்தண்ணியை, பால் இல்லாத தேத்தண்ணியை, குடித்துவிட்டு வருகிறவர்கள். பின்னேரம் தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலம், அதுவும் மாறி மாறித்தான். கடை காலை 9 மணியிலிருந்து மாலை 6.30 வரை திறந்திருக்கும். இந்த ஒன்றரை மணித்தியாலத்தைக் கழித்துப் பாருங்கள், சரியாக எட்டு வரும்.

கடையில் நீண்ட காலம் இருக்கிற அண்ணன் ஒருவருக்குத்தான் இது பிடிக்கவில்லை. இருபது நிமிடத்தில் சாப்பிட்டு முடித்து இறங்கி வந்துவிடுவார். மூன்று நாள் திருப்பி மேலே அனுப்பினேன். "ஒரு மணித்தியாலம் என்ன செய்யிறது முதலாளி?" என்று கேட்டார். நாலாம் நாள் படியேறிப் போய்ப் பார்த்தால், துணிமூட்டையில் சாய்ந்து நல்ல தூக்கம். இப்போது அவரை எழுப்பத்தான் ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது.

கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி: "மழையில அட்டைக்கடியோட நிக்கிற எங்களுக்கு இந்தச் சட்டம் இல்லையா?" தோட்ட வேலை இந்தச் சட்டத்தில் வராது, அது 1941இல் வந்த சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கிற தொழில். ஆனால் பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறீர்களே அக்கா, அந்த நேரத்தில் யாராவது மலைக்குத் திரும்பக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? எங்கள் பிள்ளைகளுக்கும் அதே வயிறுதான்.

பகலில் வந்தால் கொஞ்சம் காத்திருக்க நேரும். பழக்கமான பிள்ளை மேலே இருந்தால் கீழே இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், அவள் சாப்பிடாமல் ஓடி வந்துவிடுவாள். கல்யாணச் சேலை பார்க்கக் குடும்பமாக வருகிறவர்களுக்குக் காலை 9 மணிதான் வசதி. பஸ்ஸுக்கு அவசரம் என்றால் என்னிடமே சொல்லுங்கள், சேலையை நானே இறக்குகிறேன். மடிக்க மட்டும் எனக்கு ஒழுங்காக வராது. தைக்கக் கொடுத்த சட்டைகளை எடுக்க வருகிறவர்கள் 2 மணிக்குப் பிறகு வாருங்கள். தையற்காரரும் சாப்பிட்டு முடித்திருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் புடவைக்கடை முதலாளி