வலசைப் பறவைகள் தையில் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலை ஒட்டிப் பழவேற்காட்டுப் பூநாரைப் படம் வருடம் தவறாமல் உங்கள் பேப்பரில் வந்துவிடுகிறது. படம் நன்றாகத்தான் இருக்கிறது, என் பேத்திகூட வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஆனால் கீழே ‘வலசைப் பறவைகள் வரத் தொடங்கின’ என்று போடுகிறீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தைக்குள் அவற்றில் பல வந்து நாலு மாதம் ஆகியிருக்கும்.

நான் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்பதிலேயே எங்கள் பிழைப்பில் பாதி போய்விடும். அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் வண்டி நின்றால் கண்ணுக்கு எதிரே கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழிவெளிதான். பர்மா பஜாரில் வாங்கிய பைனாகுலர் ஒன்று வண்டியிலேயே கிடக்கிறது. கிளீனர் பையன் கிண்டல் பண்ணுவான். சரி, அவன் செல்போனைப் பார்க்கிறான், நான் இதைப் பார்க்கிறேன்.

ஆவணியிலேயே உள்ளான்கள், அதாவது சேற்றில் இரை தேடும் வலசைப் பறவைகள், இறங்கிவிடுகின்றன. முதலில் வருபவை வளர்ந்த பறவைகள். வளைமூக்கு உள்ளானை அப்போது பார்க்க வேண்டும். சைபீரியாவில் குஞ்சு பொரிக்கும்போது மார்பும் வயிறும் செங்கல் சிவப்பாக இருக்குமாம். இங்கே வந்து சேரும்போது அந்தச் சிவப்பு திட்டுத் திட்டாக மிஞ்சியிருக்கும், இடையிடையே வெள்ளை எட்டிப் பார்க்கும். தையில் கேமராவோடு வருகிறவர்களுக்கு அதே பறவை வெறும் சாம்பல் நிறம்தான். குஞ்சுகள் பின்னால் வருகின்றன, அப்பன் ஆத்தா துணை இல்லாமல். கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவுதான் இருக்கும். ஆடி பிறக்கும்போது கூட்டை விட்ட குஞ்சு, புரட்டாசியில் எண்ணூர் சேற்றைக் கொத்திக்கொண்டு நிற்கிறது. எங்கள் பையன்களுக்கு மணலி போகவே மேப் வேண்டியிருக்கிறது.

கடல் தண்ணீர் வடிந்து வத்தம் இறங்கியதும் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கையாலேயே இறால் தடவுவார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருப்பார்கள், இரண்டு கையும் வேலையில் இருக்குமே. அவர்களுக்குச் சற்றுத் தள்ளி பச்சைக்காலி என்கிற உள்ளான் ஓடி ஓடி இரை பிடிக்கும். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று சட்டை செய்து நான் பார்த்ததில்லை.

நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான் நடக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குளிர்காலத்தில் பறவைகள் ஓரிடத்தில் தங்கியிருப்பதால் எண்ணுவது சுலபம். ஆனால் ரெட்டேரியை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் தண்ணீர் வற்றிக் கரையோரம் சேறு தெரியும்போது, பொரி உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் அந்த ஓரத்தில் மேயும். வடகிழக்குப் பருவமழை கொட்டி ஏரி நிரம்பிவிட்டால் அவை நிற்க இடமேது? ஜனவரியில் போனால் நாமக்கோழியும் வாத்தும்தான். அதை மட்டும் பார்த்தால் இந்த ஏரிக்கு உள்ளானே வராது என்று முடிவு கட்டிவிடலாம்.

மழைக்கு முன்னால் வரும் பறவை யார் கண்ணிலும் படாமல் போகிறதே, எனக்குப் பயமும் அதில்தான். மழைக்கு முன் தூர்வாரும் வேலை சரியாக ஆவணி, புரட்டாசியில்தான் சூடு பிடிக்கிறது. நான் வழக்கமாகப் பார்க்கும் வாய்க்கால் ஒன்றில் சென்ற வருடம் பொக்லைன் இறங்கியது. வாரிய சகதியை லாரியில் ஏற்றக்கூட இல்லை, பக்கத்துச் சேற்று மேட்டிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். வெயிலில் இறுகி, மேலே பிளாஸ்டிக்கும் கந்தலுமாகக் கிடந்தது. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து உடம்புக் கொழுப்பெல்லாம் கரைந்து வரும் பறவைக்குப் புழுவும் சின்ன நண்டும் கிடைக்கும் சேறு அது. முதல் மழைக்கு அந்தக் குவியலில் பாதி திரும்ப வாய்க்காலுக்குள்ளேயே சரிந்தது என்பது வேறு கதை.

தூர்வாரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் எங்கள் பக்கம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். மிக்ஜாமில் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது, எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களின் படத்தைப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. நான் கேட்பது, அந்த வேலையைச் சித்திரை, வைகாசியில் முடிக்கக் கூடாதா என்பதுதான். உள்ளான்களில் பெரும்பாலானவை அதற்குள் வடக்கே திரும்பியிருக்கும். வாரியதைக் கரையில் கொட்டாமல் அப்புறப்படுத்தவும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம்.

படம் எடுக்க இந்த வருடம் ஆவணியிலேயே ஆள் அனுப்புங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரச் சொல்லுங்கள், அப்போதுதான் வத்தம் நன்றாக இறங்கிச் சேறு தெரியும்.

இப்படிக்கு,
டிரெய்லர் ஓட்டுநர் ஒருவர்,
எர்ணாவூர்.