செயலாளர் ஆண்டறிக்கை: படித்ததும் பாலாற்றில் பார்த்ததும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ஒளிப்படச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டு தடையில்லாமல் நடந்தன. மழையால் தள்ளிப்போன ஐப்பசிக் கூட்டத்தைக் கார்த்திகையில் சேர்த்து நடத்தினோம். அமிர்திக்கும் மோர்தானா அணைக்கும் ஒவ்வொரு முறை போய்வந்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய வாசிப்புக் கூட்டத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, இயற்கையைப் படம் எடுத்தவர்கள் எழுதியதை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது என்று முடிவு செய்தோம். முதல் மாதம் பாதி நாற்காலிகள் காலி. போகப் போக, வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் அழைத்து வந்தார்கள்.

முதலில் எடுத்துக்கொண்டது மா. கிருஷ்ணனை. தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் மறையும் வரை கல்கத்தா நாளிதழ் ஒன்றில் இயற்கையைப் பற்றி விடாமல் எழுதியவர், தமிழிலும் எழுதினார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவில் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் அணிலையும் பற்றி எழுதினார். அதைக் கேட்ட பிறகு, ‘காட்டுக்குப் போனால்தான் படம்’ என்ற பேச்சு நம் கூட்டத்தில் குறைந்தது. வேலூர்க் கோட்டை அகழியில் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தை ஓர் உறுப்பினர் ஒரு மாதம் முழுக்கத் தினமும் போய்ப் பார்த்தார். படத்தைவிட அவர் எழுதி வைத்த குறிப்பு நோட்டு எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் அமெரிக்கரான ஆன்செல் ஆடம்ஸ். 1941-இல் நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூரின் கல்லறைச் சிலுவைகள் மேல் மாலை வெயில் விழ, மேலே நிலா நின்றது. அவசரத்தில் ஒளியை அளக்கும் லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் ஒளி அளவு அவருக்கு மனப்பாடம். அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவதுக்குத் தயாராவதற்குள் சிலுவைகளில் வெயில் போய்விட்டது. இதைப் படித்த இரவு நம்மில் பலர் அதிர்ஷ்டம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல வருடம் மனதில் ஏற்றி வைத்திருந்தது அந்த நிமிடத்தில் கை கொடுத்தது.

இனி, வருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். போன கத்திரி வெயிலில் பாலாற்றுப் படுகையில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருப்பதைக் கண்டேன். கூடு என்று எதுவும் இல்லை. கூழாங்கல் நடுவே சின்னப் பள்ளம், அதில் நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்பக்கம் பார்த்தபடி. மண்நிறத்தில் கரும்புள்ளிகள். ஓர் அடி தள்ளி நின்றால் கல்லா முட்டையா என்று தெரியாது. கேமரா முக்காலியை நிறுத்தி, தாய் வந்து உட்காரும் படத்துக்காகக் காத்திருந்தேன். அது தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. அதை நான் நல்ல வாய்ப்பாக நினைத்தேன்.

வெயில் காலத்தில் அந்தப் பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும், நிழல் கொடுக்கும் என்பதை வாசிப்புக் கூட்டம் ஒன்றில்தான் அறிந்தேன். நான் அங்கே நின்ற நேரம் முழுக்க அந்த முட்டைகள் வேலூர் வெயிலில் கிடந்தன. மூன்று நாள் கழித்துப் போனபோது பள்ளம் காலி. நரி எடுத்ததா, நாய் எடுத்ததா, என்னாலா, தெரியாது. அந்தப் படங்களை அழித்துவிட்டேன்.

வரும் ஆண்டிலும் வாசிப்புக் கூட்டம் தொடரும். ஜவ்வாது மலைப் பயணம் ஒன்றும் திட்டத்தில் உள்ளது. கூட்டில் இருக்கும் பறவை, முட்டை, குஞ்சு ஆகியவற்றின் படங்களை நம் கண்காட்சியில் ஏற்பதில்லை என்ற தீர்மானத்தை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். உறுப்பினர்கள் விவாதித்து நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்