காலி நாற்காலிகள்

மதுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. அமெரிக்காவின் மிசௌரியில் நீ செய்தி எழுதச் சொல்லித்தரும் இதழியல் வகுப்பில் பாதி நாற்காலி காலி, விளம்பரமும் மக்கள் தொடர்பும் படிக்கிற பக்கத்து வகுப்பில் உட்கார இடமில்லை என்றாய். "நான்தான் சரியாகப் பாடம் எடுக்கவில்லையோ அப்பா?" என்று கேட்டாயே, ராத்திரி முழுக்க அதுவே மனசில் ஓடியது.

உன்மேல் குறை இல்லை அம்மா. அமெரிக்க நாளிதழ்களின் செய்திப் பிரிவில் 2008-இல் சுமார் 71,000 பேர் இருந்தார்கள், 2020-இல் 31,000 பேர்தான் மிச்சம் என்று நீதானே சொன்னாய்? கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளை இதைப் பார்க்காமல் இருக்குமா? பக்கத்து வகுப்புக்குப் போகிற பிள்ளைகள்மேல் வருத்தப்படாதே.

அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலை நிருபர்கள் வெளியே கொண்டுவந்த பிறகுதான் அங்கே இதழியல் வகுப்புகள் நிரம்பின என்று நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். கூட்டம் அதற்கு முன்பே சேர ஆரம்பித்துவிட்டது, பெண்கள் படிக்க வந்ததுதான் முக்கியமான காரணம் என்று நீ சொல்லித்தான் தெரியும். 1977 வாக்கிலேயே அங்கே இதழியல் மாணவர்களில் பாதிக்குமேல் பெண்களாமே! நான் 22 வருஷம் உட்கார்ந்த பிழைதிருத்தும் அறையில் ஒரு பெண்கூட வேலை பார்த்ததில்லை. கேட்டு வந்தவர்களையும் இரவுப் பணி ஒத்துவராது என்று திருப்பி அனுப்பினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அதனால், வராமல் போனவர்களை எண்ணும்போது, வர வழியில்லாமல் நிற்பவர்களையும் தேடிப் பார். உங்கள் மிசௌரி இதழியல் பள்ளியை 1908-இல் தொடங்கிய வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் பக்கமே போகாதவர். வகுப்பு தொடங்கிய முதல் நாளே மாணவர்களைக் கொண்டு நாளிதழை வெளியிட்டாராம். அச்சகத்தில் தொழில் கற்ற எனக்கு அவரை நினைத்தால் சொந்தக்காரர் மாதிரி இருக்கிறது. ஊர்ச் சபைக் கூட்டத்துக்கு உன் மாணவர்களை அனுப்புகிறாய் அல்லவா, அதை மட்டும் விட்டுவிடாதே. அங்கே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேறு யார் இருக்கிறார்கள்?

அம்மா பருப்புப்பொடியும் மிளகாய்த்தூளும் அனுப்பியிருக்கிறாள். அப்புறம், உன் வகுப்பில் இருக்கும் பதினோரு பேரும் எழுதிய செய்திகளை அச்செடுத்து அனுப்பு. மூக்குக் கண்ணாடியை மாற்றிவிட்டேன். ஒரு வரி விடாமல் படிப்பேன்.

அன்புடன்,
அப்பா