தரைச் சூட்டுத் தெர்மோஸ்டாட்டைப் பொயிலருக்குப் பூட்டுவது பற்றி

லெஸ்டர்
மார்கழி

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். இங்கே எல்லாரும் சுகம். குளிர்தான் விடுவதாக இல்லை. உங்கள் ஹரோப் பக்கமும் அப்படித்தான் இருக்கும்.

குளியலறைத் தரைக்கென்று வாங்கி மிஞ்சிப்போன தெர்மோஸ்டாட்டை ஹாலில் பூட்டிப் பொயிலரையும் ரேடியேட்டர்களையும் ஓட்டலாமா என்று கேட்டிருந்தாய். ஓட்டலாம். ஆனால் அதிலிருந்து வரும் வயரை நேரே கொண்டுபோய்ப் பொயிலரில் சொருகிவிடாதே. பொயிலரின் போர்டு எரிவது அந்த இடத்தில்தான்.

மின்சாரத்தில் ஓடும் தரைச் சூட்டுக்கான தெர்மோஸ்டாட், தரைக்கடியில் விரிக்கும் சூட்டுப் பாய்க்குக் கரண்டைத் தானே கொடுப்பது. எல் (லைவ்), என் (நியூட்ரல்) முனைகளில் உள்ளே வரும் 230 வோல்ட்டை உள் ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) வழியாக "லோட்" முனையில் வெளியே விடும். பெரும்பாலானவை 16 அம்பியர் தாங்கும். பொயிலர் பலவற்றுக்கு வேண்டியது கரண்ட் இல்லை, வெறும் சுவிட்ச். இரண்டு முனையைத் தொடுத்தால் பற்றும், பிரித்தால் அணையும். இதைத்தான் வோல்ட்-ஃப்ரீ என்கிறார்கள். அப்படிப்பட்ட 24 வோல்ட் முனைக்குள் 230 போனால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை பொயிலரின் கையேட்டில் வயரிங் படத்தைப் பார்ப்பது. அறைத் தெர்மோஸ்டாட் முனையில் 230 வோல்ட் லைவ் வந்தால் பற்றுகிற வகையா, இரண்டையும் தொடுக்கும் குட்டி லிங்க் வயர் போட்ட சோடி முனையா, அல்லது பொயிலரும் கட்டுப்பாட்டியும் செய்தி பரிமாறும் ஓப்பன்தெர்ம், ஈபஸ் போன்ற டேட்டா லைனா? மூன்றாவது என்றால் அதில் கை வைக்காதே. ஆன்-ஆஃப் முனை வேறாக இருக்கிறதா என்று தேடு.

லிங்க் போட்ட சோடி என்றால் நடுவில் ஒரு ரிலே வேண்டும். 230 வோல்ட் ஏசி கொயில் உள்ளது, சொக்கட்டோடு. 24 வோல்ட் டிசி கொயிலும் பார்வைக்கு அச்சாக அதே மாதிரி இருக்கும், பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்து வாங்கு. தெர்மோஸ்டாட்டின் லோட் லைவ் கொயிலின் ஏ1 முனைக்கு, நியூட்ரல் ஏ2-க்கு. லிங்கைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ரிலேயின் சுவிட்ச் முனைகளான 11, 14-க்குக் கொண்டுபோ. மாறி 12-இல் போட்டால் எல்லாம் தலைகீழ்: வீடு சூடானபின் பொயிலர் பற்றும், குளிரும்போது அணையும். பொயிலர் பக்கம் தொடுக்குமுன் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் பீப் முறைக்கு மாற்றி 11, 14-இல் வைத்துப் பார். வெப்பநிலையைக் கூட்டினால் பீப் கேட்க வேண்டும், குறைத்தால் நிற்க வேண்டும். ரிலேயைச் சரியான மூடிய பெட்டிக்குள் வை. பொயிலரின் மேல் உறைக்குள் திணிக்காதே. சில பொயிலர்களில் அந்த உறையே எரிஅறையின் அடைப்பு, அதைக் கழற்ற கேஸ் சேஃப் என்ற எரிவாயு வேலைப் பதிவு உள்ளவர்தான் வரவேண்டும்.

உன்னுடையது சுடுநீர்ச் சிலிண்டரும் இரண்டு மோட்டர் வால்வும் உள்ள எஸ்-பிளான் என்றால் ரிலே தேவையில்லை. ஹீட்டிங் வால்வின் மண்ணிற வயருக்கு 230 வோல்ட்தான் வேண்டும், லோட் முனையிலிருந்து நேரே கொடு. பொயிலரை எழுப்புவது வால்வுக்குள் இருக்கும் குட்டிச் சுவிட்ச், சாம்பல் வயரிலிருந்து செம்மஞ்சள் வயருக்கு. அவற்றைத் தொடாதே. மூன்று வாய் வால்வு உள்ள வை-பிளானில் ஹீட்டிங் கேட்பது வெள்ளை வயர். அங்கே வழமையாகத் தெர்மோஸ்டாட்டுக்கு லைவ் வருவது நேரம் வைக்கும் புரோகிராமர் வழியாக. உன் தெர்மோஸ்டாட்டில் சொந்த மணிக்கூடு இருப்பதால் அதற்கு நிரந்தர லைவ் வேண்டும், இல்லாவிட்டால் புரோகிராமரின் ஹீட்டிங்கை எப்போதும் ஆனில் விட்டுவிடு.

ஃபியூஸ் விஷயத்தில் பலர் அசட்டை. தரைச் சூட்டுக்கு 13 அம்பியர் ஃபியூஸ் போட்ட ஸ்பர் (மெயின்ஸிலிருந்து பிரியும் இணைப்பு) இருந்திருக்கும். இங்கே ஹீட்டிங் கட்டுப்பாடுகளுக்கு 3 அம்பியர். அதைவிட முக்கியம், பொயிலர், தெர்மோஸ்டாட், ரிலே எல்லாம் ஒரே ஸ்பரிலிருந்து எடுப்பது. இரண்டு சர்க்கியூட்டிலிருந்து எடுத்தால், நாளைக்கு ஒருவர் பொயிலரின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறப்பார், உள்ளே மற்றப் பக்கத்தில் கரண்ட் இருக்கும். நீல வயரைச் சுவிட்ச் வழியே வரும் லைவாகப் பாவித்தால் இரு நுனியிலும் மண்ணிற ஸ்லீவ் போடு.

வயரிங் சரியாக இருந்தும் வீடு சூடாகவில்லை, அல்லது பொயிலர் நின்று நின்று பற்றுகிறது என்றால் பிழை செட்டிங்கில் இருக்கும். இவை தரையைக் காவல் காக்கப் பிறந்தவை. தரை, காற்று, தரைச் சூட்டுக்கு எல்லை வைத்த காற்று என்று மூன்று ஓட்ட முறைகள் பெரும்பாலும் இருக்கும். உனக்கு வேண்டியது காற்று. சில மொடல்கள் தரைச் சென்சர் இல்லாவிட்டால் பிழைக் குறி காட்டி வேலையை நிறுத்தும், அப்போது கூட வந்த சென்சரையே பூட்டிப் பின்பெட்டிக்குள் சுருட்டி வை. சில மொடல்கள் சென்சரைக் காணாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் இத்தனை சதவீத நேரம் ஆன் என்ற முறைக்குத் தானாகப் போய்விடும். பாய்க்கு அது சரி, பொயிலருக்கு நஞ்சு. ஒரு மணித்தியாலத்தில் ஆறு தடவைக்கு மேல் பற்றுகிறதென்றால் அதைத்தான் முதலில் பார். ஹிஸ்டெரிசிஸை, அதாவது பற்றுவதற்கும் அணைவதற்கும் இடையிலான வெப்ப வித்தியாசத்தை, 0.5 பாகையில் வை. முன்கூட்டியே தொடங்கும் "அடாப்டிவ்" வசதியை முதலில் அணைத்துவிடு. அது தரையின் மந்தமான சூட்டை நினைத்து எழுதப்பட்டது, ரேடியேட்டருக்கு வேண்டியதைவிட முந்தி எழுந்துவிடும்.

அந்தச் சென்சரில் ஒரு வசதியும் உண்டு. ஹாலில் நல்ல இடம் கிடைக்காவிட்டால், தரை முறையில் வைத்துச் சென்சரின் நுனியை மட்டும் அறைக் காற்றில் விடலாம், தெர்மோஸ்டாட் வேறு எங்கேயும் இருக்கட்டும். பெரும்பாலும் 3 மீற்றர் வயர் வரும். ஆனால் பல மொடல்களில் சென்சர் முனைகள் மெயின்ஸிலிருந்து பிரிக்கப்படாதவை. வயரின் மேலுறை எங்கும் கிழியக் கூடாது, மெல்லிய பெல் வயரால் நீட்டவும் கூடாது.

தெர்மோஸ்டாட்டைத் தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், வெயிலும் ரேடியேட்டரும் படாத சுவரில் பூட்டு. அந்த அறை ரேடியேட்டரின் தெர்மோஸ்டாட் வால்வை முழுக்கத் திறந்து விடு, இல்லாவிட்டால் இரண்டும் சண்டை பிடிக்கும். இன்னொன்று: பின்பெட்டிக்குள் வரும், வயர் போகிற கொண்டியூட் குழாய் வழியாகச் சுவருக்குள்ளிருந்து குளிர்காற்று ஊதும். அது நேரே தெர்மோஸ்டாட்டின் முதுகில் படுவதால் 20 பாகை அறையை 17 என்று காட்டி, பொயிலரை விடாமல் ஓட்டும். குழாய் வாயைக் கொஞ்சம் சிலிக்கன் அல்லது புட்டியால் அடை. பிறகு ஒரு நாள் விட்டு, நல்ல வெப்பமானியோடு ஒப்பிட்டு, காட்டும் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஓஃப்செட்டைத் திருத்து.

சிலிண்டர் இல்லாமலே சுடுநீரும் தரும் புதுக் கொம்பி பொயிலர் போட்டிருந்தால் 2018 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் உள்ள பொயிலர் பிளஸ் விதியையும் பார். நேரமும் வெப்பமும் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது, வெளி வெப்பநிலைக்கேற்ப ஓடுவது போன்ற இன்னொன்றும் கேட்கிறார்கள். அப்படியானால் இந்த மிஞ்சின சாமானை மறந்துவிடு, உரிய கட்டுப்பாட்டியே மலிவு.

பொயிலரின் முனைகளையும் தெர்மோஸ்டாட்டின் முதுகையும் கிட்டவைத்துப் படம் எடுத்து அனுப்பு. எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும். அதுவரைக்கும் லிங்க் வயரைக் கழற்றாதே, வீடு குளிர்ந்துபோகும்.

அன்புடன்,
உன் மச்சான்